‘ரிப்பீட்’ எல்லா இடத்திலும் செல்லாது

வாசகர் கேள்வி பதில்: ஆங்கிலம்

திரும்பச் செய்வது, திரும்ப வருவது பற்றிய ஆங்கிலச் சொற்களைக் கேட்டு வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில்.

துறைமுக இழுவைப் படகில் வேலை. வயர்லெஸ்ஸில் காதில் விழாதபோது ‘ப்ளீஸ் ரிப்பீட்’ என்றால், ‘ஸே அகெய்ன்’ என்றுதான் கேட்க வேண்டும் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (வாசகர், காசிமேடு)

வீட்டில் ஒன்றுதான், கப்பல்கள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் இல்லை. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட தொடர்புச் சொற்றொடர் தொகுப்பு, இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுத்திருக்கிறது. கேட்கிறவர், தனக்கு விழவில்லை என்றால் சொல்ல வேண்டியது ‘ஸே அகெய்ன்’. ‘ரிப்பீட்’ பேசுகிறவருக்கு உரியது. முக்கியமான பகுதி தவறிவிடக் கூடாது என்று அவரே அழுத்திச் சொல்லும்போது நடுவில் வரும்: ‘டூ நாட் கிராஸ் மை பௌ, ரிப்பீட், டூ நாட் கிராஸ் மை பௌ’ (என் கப்பலின் முன்முனைக்குக் குறுக்கே வராதே). பீரங்கிப் படையின் வயர்லெஸ்ஸில் இதே சொல்லுக்கு ‘அதே இலக்கில் திரும்பச் சுடு’ என்று பொருள். அங்கே வாய் தவறிக்கூட வரக் கூடாது.

நீங்களே தப்பாகச் சொல்லிவிட்டால் ‘ஸாரி’ என்று இழுக்காமல் ‘மிஸ்டேக்’ என்று நிறுத்துங்கள். அடுத்து ‘கரெக்‌ஷன்’ என்று சொல்லி, சரியான தகவலை முழுதாகச் சொல்லுங்கள். பாதியைத் திருத்தினால் எதிர்முனையில் பழைய பாதியோடு ஒட்டிக்கொள்வார்கள். எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: 150 என்பது ‘ஒன், ஃபைவ், ஜீரோ’. இன்ஜின் இரைச்சலில் ‘ஃபிஃப்டீனும்’ ‘ஃபிஃப்டியும்’ ஒன்றுபோலத்தான் கேட்கும். சுக்கான் கோணம் மட்டும் விதிவிலக்கு. அதற்கு ‘ஃபிஃப்டீன்’, ‘ட்வென்டி’ என்றே ஆணை வரும்.

கானா கச்சேரியில் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்துகிறோமே, வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் கத்துவார்களா? (வாசகர், வியாசர்பாடி)

ஆங்கிலேயர்கள் ‘ஆங்கோர்’ என்பார்கள். அது பிரெஞ்சுச் சொல். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கத்துவதில்லை, ‘பீஸ்’ என்கிறார்கள்! உங்கள் ‘ஒன்ஸ்மோரை’ மாற்ற வேண்டாம்.

லேத் பட்டறையில் தரம் பார்க்கிறேன். பதிவேட்டில் எப்போது ‘ரிவொர்க்’, எப்போது ‘ரிப்பேர்’ என்று எழுதுவது? (வாசகர், திருவொற்றியூர்)

பேச்சில் இரண்டும் ‘திரும்பப் பார்த்துக் கொடு’ என்பதுதான். தர மேலாண்மைச் சொற்களுக்கு விளக்கம் தரும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9000 இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. வரைபடம் கேட்ட நிபந்தனை முழுவதையும் எட்டும்படி சரிசெய்வது ரிவொர்க். நிபந்தனையை எட்டாவிட்டாலும் பயன்பாட்டுக்கு ஏற்றதாக ஆக்குவது ரிப்பேர்.

ஷாஃப்ட் விட்டம் 25.00 மி.மீ., கூடக்குறைய 0.02 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25.15-இல் நின்றால் திரும்ப லேத்தில் ஏற்றிச் சீவி 25.01-க்குக் கொண்டுவரலாம், அது ரிவொர்க். 24.80 ஆகிவிட்டால் வெல்டிங்கில் உலோகம் ஏற்றித் தேய்த்தால்தான் உண்டு. அளவு வந்துவிடும், ஆனால் வரைபடம் கேட்ட ஒரே துண்டு உலோகம் அது இல்லை. ஆகவே ரிப்பேர். வாடிக்கையாளரிடம் ‘கன்செஷன்’, அதாவது நிபந்தனையை எட்டாததையும் ஏற்றுக்கொள்ளும் அனுமதி, வாங்காமல் இதை அனுப்பாதீர்கள். வெல்டிங் ஏற்றியதை ‘ரிவொர்க்’ என்று எழுதிவிடுவதுதான் பட்டறைகளில் நடக்கும் கோளாறு. ஷாஃப்ட் அந்த இடத்தில் உடைந்தால் பதிவேடு உங்களுக்கு எதிராகப் பேசும். எதைச் செய்தாலும் மறுபடி அளந்து, அந்த அளவையும் எழுதுங்கள். இரண்டுக்கும் வழியில்லாமல் தூக்கிப்போட்டு வேறொன்று கடைந்தால் அது ‘ஸ்கிராப்’. அதற்கு ‘ரிவொர்க்’ என்று பூசி மெழுக வேண்டியதில்லை.

‘கைண்ட்லி ரிவர்ட்’ என்று எழுதினால் லண்டன் வாடிக்கையாளர் குழம்புகிறார். தப்பா? (வாசகர், மண்ணடி)

இந்தியா, சிங்கப்பூர், மலேசிய அலுவலகங்களில் ‘ரிவர்ட்’ என்றால் பதில் எழுது. லண்டனில் பழைய நிலைக்குத் திரும்பு. விலை பேசிக்கொண்டிருக்கும்போது ‘வீ வில் ரிவர்ட் ஆன் த பிரைஸ்’ என்று எழுதினால், பழைய விலைக்கே போகிறீர்களோ என்று அவர் யோசிப்பார். உள்ளூர்க் கடிதத்தில் தாராளமாக எழுதுங்கள். வெளியே போகும் கடிதத்தில் ‘ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே’ போதும். கிழமை போட்டால் ‘அட் தி எர்லியஸ்ட்’டும் தேவைப்படாது. ‘ரிவர்ட் பேக்’, ‘ரிட்டர்ன் பேக்’ என்பவற்றில் ‘பேக்’ வீண் சுமை.

ஒப்பந்தத்தில் மீண்டும் கையெழுத்திடத் தயார் என்று எப்படி எழுதுவது? (வாசகர், கொருக்குப்பேட்டை)

‘ரீ’க்குப் பிறகு சிறுகோடு போட்டால்தான் ‘ரீ-சைன்’, மீண்டும் கையெழுத்திடுவது. கோடு விட்டுப்போனால் அது ‘ரிசைன்’, ராஜினாமா! சோஃபாவுக்குப் புது உறை போடும் ‘ரீ-கவர்’, நோயிலிருந்து தேறும் ‘ரிகவர்’ ஜோடியும் இப்படித்தான். கோட்டை நம்பி வேலையைப் பணயம் வைக்காமல் ‘ரினியூ த கான்ட்ராக்ட்’ என்று எழுதிவிடுங்கள்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘ரினியூவல்’ எங்கே இருக்கிறது? (வாசகர், தண்டையார்பேட்டை)

‘ரீ-இஷ்யூ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய புத்தகத்தின் காலத்தை நீட்டுவதில்லை; புது எண்ணோடு வேறு புத்தகம் தருகிறார்கள். அதனால்தான் அந்தப் பெயர். பக்கம் தீர்ந்துபோனாலும், பெயரோ முகவரியோ மாறினாலும் அதே ‘ரீ-இஷ்யூ’தான், காரணத்தை மட்டும் அடுத்த கட்டத்தில் குறிக்க வேண்டும்.