படப் புத்தகம் கிழிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: வியாசர்பாடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். படக்கதைப் புத்தகங்களை வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கவும், பிள்ளைகளைப் பொறுப்பாக இருக்கப் பழக்கவும் ஆசை. "கிழிந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது?" என்கிறார் தலைமை ஆசிரியர். இதற்கிடையில் ஒரு ஏஜென்ட் வந்து, நேர்மை, பொறுப்பு, ஒழுக்கம் என்று தலைப்புவாரியாக 'வாசிப்பு கிட்' இருக்கிறது, பெற்றோரிடம் ஆளுக்குக் கொஞ்சம் வசூல் பண்ணினால் போதும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் டீச்சர். அரசுப் பள்ளியில் பெற்றோரிடம் இப்படிப் பணம் வாங்குவதே தப்பு. நாளைக்குப் புகார் வந்தால் நிற்கப்போவது நீங்கள்தான், அந்த ஏஜென்ட் இல்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தண்டையார்ப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை இவர்கள் ஏறி இறங்காத பள்ளி இல்லை. பெட்டி பளபளவென்று இருக்கும். அட்டையில் ஒரு பெரிய விலையைப் போட்டு, அதில் பாதி தள்ளுபடி என்பார்கள். ஒரே ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கிப் பிரித்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பத்து வரி இருக்கும், படம் ஒரு மூலையில் கிடக்கும், கடைசியில் கட்டம் கட்டி நீதி போட்டிருக்கும். எழுதியவர் பெயரும் இருக்காது, வரைந்தவர் பெயரும் இருக்காது. "இந்த ஒன்றை மட்டும் தருவீர்களா?" என்று கேளுங்கள். மொத்தமாக எடுத்தால்தான் தருவேன் என்றால், அதில் தனியாக விலைபோகாத சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

காசில்லாமலே புத்தகம் கிடைக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் இருக்கின்றன. உங்கள் பள்ளி பீரோவைத் திறந்து பாருங்கள். 'நுழை' உங்கள் வகுப்புக்குப் போதும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. அதில் முதல் நிலைக் கதைகளை மட்டும் எடுங்கள்.

வாசிப்புக்கு வருகிறேன். தமிழில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். 'கொக்கு' என்ற சொல்லில் விரல் முதலில் படுவது கொம்பில், ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது 'க்'. அங்கேயே பிள்ளை நின்றுவிடும். பக்கத்தில் கொக்கின் படம் இருந்தால் சொல் முழுசாக வாயில் வந்துவிடும், கண் அப்புறம் திரும்பிப்போய் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். படப் புத்தகத்தின் பலமே இதுதான். ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்துவிட்டு, கடகடவென்று படிக்கிற மாதிரியே பிள்ளைகள் காட்டுவார்கள். முதல் நாள் நீங்கள் விரல் வைத்து வாசித்துக்காட்டுங்கள், "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். மறுநாள் சேர்ந்து வாசியுங்கள். மூன்றாம் நாள் அதே வரியைப் படம் இல்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள். யாருக்கு நிஜமாகவே எழுத்து தெரிகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

பொறுப்பைக் கதையில் தேடாதீர்கள். பொறுப்பான முயலைப் பற்றி நூறு கதை சொன்னாலும் பிள்ளைக்குப் பொறுப்பு வராது. புத்தகத்தை அதன் கையில் கொடுத்தால் வரும். ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். புத்தகத்தின் பெயர், தன் பெயர், எடுத்த தேதி, கொடுத்த தேதி, எல்லாவற்றையும் பிள்ளையே எழுதட்டும். எழுத்துப் பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு பேர் கிழிசல் பார்க்கிற முறை. செல்லோ டேப் வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகி உரிந்துவிடும். மெல்லிய வெள்ளைத்தாளைக் கீற்றாக வெட்டிப் பசை தடவி ஒட்டக் கற்றுக்கொடுங்கள். தான் ஒட்டிய பக்கத்தை எந்தப் பிள்ளையும் மறுபடி கிழிக்காது. அபராதம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதில் மட்டும் ஒரு விலக்கு வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழைக்காலத்தில், அனுப்பாதீர்கள். உங்கள் பக்கம் தாழ்வான தெருக்களில் தரைத்தள வீடுகளுக்குள் மழைத்தண்ணீர் ஏறிவிடும். கட்டில் மேல் வைக்க ரேஷன் கார்டும் அரிசியும் இருக்கும்போது கதைப் புத்தகத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்? புத்தகம் ஊறிப்போனால் அந்தப் பிள்ளை பயந்து இரண்டு நாள் பள்ளிக்கே வராது. அதைப் பொறுப்பின்மை என்று எழுதிவிடாதீர்கள். அந்த மூன்று மாதமும் வகுப்பிலேயே வாசிக்கட்டும். மாடி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்கலாமே என்று தோன்றும். அதையும் செய்யாதீர்கள், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும்.

தலைமை ஆசிரியரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று புத்தகத்தை அனுப்பிவிட்டு, இருப்புப் பதிவேட்டில் அது புதுசாகவே இருக்க வேண்டும் என்று கேட்கிற வழக்கம்தான் பீரோவுக்குப் பூட்டுப் போடவைக்கிறது. பத்து பிள்ளை படித்துக் கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்கிறார்கள், ஒருவரும் தொடாமல் கரையான் அரித்ததைக் கேட்க ஆள் இல்லை. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் மேலே யார் காதிலும் விழவில்லை. அதனால் நீங்களே பாதுகாப்பு செய்துகொள்ளுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு வரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள்: வகுப்பு வாசிப்புக்குப் புத்தகங்கள் வெளியே எடுக்கப்படுகின்றன, பயன்பாட்டில் தேய்ந்தவை ஆண்டு முடிவில் தனியாகக் குறிக்கப்படும். அதில் பெற்றோர் கையெழுத்தும் இருக்கட்டும். அந்த நகலைப் பதிவேட்டிலேயே ஒட்டிவையுங்கள்.