கால்டுவெல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். கால்டுவெல் தமிழுக்குப் பெரும் தொண்டு செய்தவர் என்று பள்ளியில் படித்தேன். தாத்தாவோ, "நம்ம ஆட்களைக் கேவலமா எழுதின பிஷப்" என்று சொல்லி, அந்தப் பேரையே எடுக்க விடமாட்டார். எதை நம்புவது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தாவின் கோபம் நியாயமானது. கால்டுவெல் 1849இல் 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். இன்றைய நாடார்களைத்தான் அன்று அப்படி அழைத்தார்கள். பனையேற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியவர், அதே கையோடு அம்மக்களை மந்தபுத்திக்காரர்கள் என்றும், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும் எழுதிவிட்டார். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த அடுத்த தலைமுறை அதை வாசித்துக் கொதித்தது. மனுக்கள் போயின, மறுப்பு நூல்கள் வந்தன. 'அந்தக் காலத்து வெள்ளைக்காரர் எல்லாரும் அப்படித்தான்' என்ற சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. 1841 முதல் இடையன்குடியில் அவர்கள் நடுவிலேயே குடியிருந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, அதற்காக 1856இல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தூக்கிப் போட முடியுமா? என்னால் முடியாது. வடசொல் எவ்வளவு கலந்திருந்தாலும், ஒரு மொழி எளிதில் கடன் வாங்காத இடங்களைத் தேடிப் போனார் அவர்: மூவிடப்பெயர் (நான், நீ, அவன் போன்றவை), எண்ணுப்பெயர், வேற்றுமை உருபு. நாம் 'நீ' என்கிறோம், கன்னடத்தில் 'நீனு', தெலுங்கில் 'நீவு'. இப்படி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத்தான் திராவிட மொழிகள் வடமொழியிலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று நிறுவினார். சென்னையில் இருந்த ஆங்கில அதிகாரி எல்லிஸ் 1816லேயே இதைச் சொன்னார் என்பது உண்மை. அவருக்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் அவர் எழுதியது ஒரு தெலுங்கு இலக்கணத்துக்கான முன்னுரைக் குறிப்பு. அதை முழு இலக்கணமாக எழுப்பியவர் கால்டுவெல்தான்.

பிஷப் பட்டம் 1877இல்தான் வந்தது. இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 வருடம் ஆனது. அவர் மனைவி எலைசா அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1891இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை அந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.

மெரினாவில் 1968இல் அவருக்குச் சிலை வைத்தோம். அவரை எதிர்த்து நின்ற சட்டாம்பிள்ளையை எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைக்கார மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு 1857இல் தனிச் சபை கண்டவர் அவர். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இடையன்குடியைப் பாருங்கள். அப்புறம், நாசரேத் பக்கத்தில் பிரகாசபுரத்துக்கும் போய் வாருங்கள். சட்டாம்பிள்ளையின் சபை தொடங்கிய ஊர் அது.

அன்புடன்