பட்டாளத்து மடக்குக் கத்திகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டு இரண்டாம் கட்டில் பூட்டியே கிடந்த அறையைச் சுத்தம் செய்தபோது, பர்மாத் தேக்குப் பெட்டிக்குள் ஒரு மடக்குக் கத்தி கிடைத்தது. பிடி கறுப்பு, கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு. ஒரு அலகு, ஒரு டின் ஓப்பனர், முதுகுப் பக்கம் தடித்த ஊசி. அலகின் அடியில் ஓர் அம்புக்குறியும் 1944 என்ற எண்ணும் இருக்கின்றன. ஐயா 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வழியில் ஒரு ஜப்பான் சிப்பாயின் கத்தி கிடைத்தது, அதுதான் இது என்று அப்பத்தா சொல்வார். நம்பலாமா?
- வாசகர், கோட்டையூர்

பதில்: கத்தி நல்ல கத்தி, கதைதான் அதோடு ஒட்டவில்லை. அந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்குப் போடும் முத்திரை. துப்பாக்கியிலிருந்து தண்ணீர்க் குடுவை வரைக்கும் பட்டாளத்துச் சாமான் எதை எடுத்தாலும் அதைப் பார்க்கலாம். ஜப்பான் கத்தியில் அது இருக்க வழியே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் 1944. ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச் மாதம். உங்கள் ஐயா கிளம்பி வந்தபோது இந்தக் கத்தி செய்யப்படவே இல்லை.

அப்படியென்றால் பெட்டிக்குள் எப்படி வந்தது? யோசிக்க இரண்டு வழி இருக்கிறது. போர்க்காலத்தில் நம் செட்டிநாட்டிலேயே விமான ஓடுதளம் இருந்தது. குடும்பத்தில் யாராவது அங்கே வேலை பார்த்தார்களா, சாமான் சப்ளை, கான்ட்ராக்ட் என்று ஏதாவது தொடர்பு உண்டா என்று மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இன்னொன்று, போர் முடிந்ததும் ராணுவம் மிச்சச் சாமான்களை டிஸ்போசலில் விற்றுத் தள்ளியது. அப்படி வாங்கியதாகவும் இருக்கலாம். ஐயா வேறொரு கத்தியையும் கொண்டு வந்திருந்து, இரண்டு கதையும் ஒன்றாகக் கலந்து போயிருக்கலாம் என்பதையும் நான் ஒதுக்க மாட்டேன், அதனால் பெட்டியை இன்னொரு முறை அடிவரை பாருங்கள். அப்பத்தா சொன்னதைத் தூக்கிப் போட வேண்டாம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒரு தாளில் எழுதி, கத்தியில் கண்ணால் பார்க்கிற முத்திரையைத் தனியாக எழுதி, இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

இனி கத்தியைப் பற்றி. அலகின் முனை கூராக இல்லாமல் முதுகு வளைந்து கீழே இறங்கியிருக்கும், வெட்டுகிற பக்கம் நேர்கோடாக இருக்கும், பாருங்கள். கயிறு, வார் அறுக்க ஏற்ற வடிவம் அது. ஊசியைப் பார்த்ததும் குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கத்தான் என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. கயிற்று முடிச்சை நெகிழ்த்தவும், புரியைப் பிரித்து இன்னொரு கயிற்றோடு கோக்கவும் வைத்த ஊசி அது. இதே சாயலில் முதல் உலகப் போர்க் கத்திகளும் உண்டு. அவை இன்னும் பெரியவை, கையில் எடுத்தால் கனம் தெரியும், தொங்கவிடச் செம்பு வளையம் இருக்கும், பிடி பெரும்பாலும் கொம்பு. இரண்டாம் போரில் வந்தவை சிறியவை, பிடி பெரும்பாலும் அக்காலத்துப் பிளாஸ்டிக், ஊசி இல்லாமலும் செய்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கொம்பில் நார் நாராக ரேகை ஓடும், ஓரத்தில் பூச்சி அரித்த பள்ளம்கூட இருக்கலாம். பிளாஸ்டிக்கில் கட்டங்கள் எல்லாம் ஒரே அச்சு. சூடு வைத்த ஊசியால் குத்திப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், பழைய செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். பிடியில் வினிகர் வாடை அடித்தால் அந்தப் பிளாஸ்டிக் மக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கத்தியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமாக வையுங்கள், இல்லாவிட்டால் அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்துக் கத்தியின் இரும்பையும் அரிக்கும்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு கத்தி பார்த்தேன். அலகில் கிரீடம், இரண்டு பக்கமும் ஜி, ஆர் என்ற எழுத்துகள், ராட்ஜர்ஸ் என்ற பெயர். ராஜா பட்டாளத்துக் கத்தி என்கிறார் கடைக்காரர். விலையும் அதற்கேற்ற மாதிரிதான் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: கத்தி பிடித்திருந்தால் வாங்குங்கள், பட்டாளத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கிரீடத்தைப் பார்த்தவுடன் ராணுவம் என்று முடிவு கட்டுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற பிழை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி அரச குடும்பத்துக்குக் கத்தி செய்து கொடுத்த கம்பெனி, அந்தப் பெருமையைச் சொல்லத்தான் கிரீடமும் ராஜாவின் எழுத்தும். பென்சில் சீவவும் பழம் நறுக்கவும் வாங்கிய சாதாரண பேனாக்கத்தியிலும் அதே கிரீடம் இருக்கும்.

ராணுவத்துக்குப் போன கத்தி என்று சொல்ல அம்புக்குறி வேண்டும், அதோடு கத்தியின் வடிவமும் பட்டாள மாதிரியோடு பொருந்த வேண்டும். அம்பு சி என்ற எழுத்துக்குள் இருந்தால் கனடா, இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா, அம்போடு ஐ என்ற எழுத்து சேர்ந்திருந்தால் இந்தியா. கடைக்காரரிடம் கேட்டு அலகைப் பாதி மடக்கி, அது பிடிக்குள் நுழைகிற அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள், முத்திரை அங்கேதான் ஒளிந்திருக்கும். ராட்ஜர்ஸின் சொந்த அடையாளம் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும். பெயர் மட்டும் இருந்து இவை இல்லாவிட்டால் எழுத்துக்கூட்டிப் படியுங்கள், அந்தப் பெயரை ஓரெழுத்து மாற்றி அடித்து விற்றவர்கள் அக்காலத்திலேயே உண்டு.

புதிதாக அடித்த போலி முத்திரையைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சுற்றிலும் இரும்பு கறுத்துக் குழிவிழுந்து கிடக்கும்போது அம்பு மட்டும் கூராக, உள்ளே பளபளப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய முத்திரை இரும்போடு சேர்ந்தேதான் கறுத்திருக்கும், தேய்ந்திருக்கும்.

கேள்வி: துருவை எடுக்க என்ன செய்வது? புளி போட்டுத் தேய்க்கலாமா? சாணை பிடிக்கக் கொடுக்கலாமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: இரண்டும் கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி, பழைய கார்பன் இரும்பை அது அரிக்கும். சாணை அதைவிட மோசம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், எண்பது வருடம் தாங்கி நின்ற வருடமும் கம்பெனிப் பெயரும் தூளாகப் பறந்துவிடும். முத்திரை போன கத்தியை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. நல்ல எண்ணத்தில் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

சிவப்பாக, விரலில் ஒட்டுகிற துருவை மட்டும் எடுங்கள். கறுப்பாகவோ நீலச் சாம்பலாகவோ படிந்திருப்பது கத்தியின் வயது, அதை விட்டுவிடுங்கள். அலகு திறக்க வரவில்லை என்றால் கொறடு போட்டு இழுக்காதீர்கள், மூட்டில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். துருவின் மேல் எண்ணெய் தடவி, ஊறியதும் பருத்தித் துணியாலோ மூங்கில் குச்சியாலோ தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகி மூட்டு இறுகிவிடும். தோல் உறை இருந்தால் பத்திரப்படுத்துங்கள், கத்தியை அதற்குள் போட்டு மட்டும் வைக்காதீர்கள், தோலிலுள்ள ஈரமும் பதனிட்ட சரக்கும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும்.

கேள்வி: மலேசியாவிலிருந்து மாமா கொண்டுவந்த சிவப்புப் பிடி சுவிஸ் கத்தி, சுவிஸ் ராணுவத்தில் கொடுத்ததா?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: இல்லை. சிவப்புப் பிடியில் சிலுவை போட்டது கடையில் விற்ற கத்தி. 1897-ல் வந்த 'ஆபீசர் கத்தி'யின் வம்சம் அது, அந்தக் கத்தியையே சுவிஸ் ராணுவம் அதிகாரிகளுக்கு வழங்கவில்லை, வேண்டியவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். சிப்பாய்க்குக் கொடுத்தது வேறு. 1891-ல் முதன்முதலில் வந்தபோது கறுத்த மரப் பிடி, 1961 மாதிரியில் வெள்ளி நிற அலுமினியப் பிடி, அலகின் அடியில் செய்த வருடம். மாமாவின் கத்தி நன்றாகவே உழைக்கும், தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: இதையெல்லாம் வீட்டில் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா? வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அனுப்பலாமா?
- வாசகர், புதுவயல்

பதில்: ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளை. நாம் பேசுகிற மடக்குக் கத்திகள் அதில் பாதிகூட வராது. அதற்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருவிழாவுக்கும் கோர்ட்டுக்கும் போகாதீர்கள், விமானத்தில் கைப்பையில் கண்டிப்பாகக் கூடாது. பழைய துப்பாக்கிச் சனியனோ (துப்பாக்கி முனையில் மாட்டும் குத்துக்கத்தி) வாளோ பெட்டியில் கிடைத்தால் கதை வேறு, அதற்கு முதலில் காவல் நிலையத்தில் கேளுங்கள்.

அனுப்புவதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் உலகப் போர்க் கத்திக்கு அந்த வயது ஆகிவிட்டது. 1940-களின் கத்திக்கு இந்தத் தடை கிடையாது. வயதில் சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிவிட்டு அனுப்புங்கள். மகன் இருக்கிற நாட்டுக் கத்திச் சட்டத்தையும் அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள், சில நாடுகளில் நம்மைவிடக் கெடுபிடி அதிகம்.