அப்பாவுக்கு தினக்கூலி, ஐஐடி மாதிரி பெரிய இடத்துல சீட் கெடச்சா கட்ட முடியுமா?

"அப்பா தினக்கூலி, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வந்தாலே பெருசு, ஐஐடியோ அமெரிக்கா பக்கம் ஏதாவது பெரிய யுனிவர்சிட்டியோ கெடச்சாலும் யார் கட்றது, பேசாம ஆசைய விட்டுடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. விடாதீங்க. ஆனா நீங்க எந்த காசுக்கு பயப்படறீங்களோ அந்த காசு உங்கள ஒண்ணும் பண்ணாது, நீங்க கணக்குலயே எடுத்துக்காத ஒரு சின்ன காசு வந்து கழுத்தப் புடிக்கும், அதைப் பத்திதான் எழுதப் போறேன்.

நான் காசிமேடு. நைனா ஹார்பர்ல ஐஸ் உடைச்சு மீன்பிடி போட்டுல ஏத்தற வேலை, அம்மா வூட்ல, பாட்டி படுத்த படுக்கையா இருந்தாங்க அதனால அம்மாவால எங்கயும் வேலைக்கு போக முடியல. 2022ல வடக்க ஒரு ஐஐடில சேந்தேன். எங்க தெருவுல அதுக்கு முன்னாடி யாரும் போனதில்ல, அதனால கேக்க ஆளில்லாம எல்லாத்தையும் அடிபட்டுதான் கத்துக்கிட்டேன்.

மொதல்ல பெரிய காச முடிச்சிடலாம். ஐஐடி பிடெக் டியூஷன் ஃபீஸ் வருஷத்துக்கு 2 லட்சம். 2016 வரைக்கும் 90,000 இருந்தத அந்த வருஷம் ஏத்துனாங்க, ஏத்தும்போதே குடும்ப வருமானம் 1 லட்சத்துக்கு கீழன்னா டியூஷன் ஃபீஸ் முழுசா தள்ளுபடி, 1லேந்து 5 லட்சத்துக்குள்ளன்னா மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடின்னு வச்சாங்க. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி பசங்களுக்கு டியூஷன் ஃபீஸே கெடையாது. என்ஐடிலயும் இந்த வருமானக் கணக்கு இதேதான். இது ஸ்காலர்ஷிப் மாதிரி போட்டி போட்டு வாங்கறது இல்ல, பேப்பர் சரியா இருந்தா வந்துடும். ஹாஸ்டல், மெஸ் பில்லு இதுல வராது, அது தனி, அத நெறைய பேரு மறந்துட்டு மொத செமஸ்டர்ல முழிப்பாங்க.

பேப்பர் சரியா இருந்தான்னு சொன்னேன் இல்லயா, எங்க கத அங்கதான் நாறுச்சு.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவைல 60 ரூபா கட்டி அப்ளை பண்ணோம். ஆர்ஐ, அதான் வருவாய் ஆய்வாளர், விசாரிக்க கூப்புட்டாங்க, நானும் நைனாவும் போனோம். ஐஸ் வேலைல சம்பளச் சீட்டு எங்க இருக்கு, வாயால சொல்றதுதான். ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள், போட்டு போகலன்னா ஐஸும் கெடையாது கூலியும் கெடையாது. மத்த மாசத்துலயும் பாதி நாள்தான் வேலை. நான் வூட்ல உக்காந்து போட்ட கணக்குல வருஷத்துக்கு 90,000 தாண்டல. அங்க அந்தம்மா, வயசு கம்மி, மரியாதையாதான் கேட்டாங்க, "மாசம் எவ்ளோங்க வரும்?" நைனா நெஞ்ச நிமித்தினு, "அது வரும்மா, பாஞ்சாயிரம் வரும், நம்ம கைல வேலைக்கு இன்னா கொறச்சல்"னு சொல்லிட்டாரு. நான் பக்கத்துல நின்னு கைய கிள்றேன், கவனிக்கல. முடிஞ்சுது, 1,80,000னு சர்டிபிகேட் வந்துச்சு. வெளிய வந்து சண்ட போட்டேன். "பின்ன புள்ள முன்னாடி நான் தம்மாத்தூண்டு சம்பாரிக்கறேன்னா சொல்லுவாங்க"ன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்த கேக்கறது.

அந்த ஒரு வார்த்தைக்கு வெல என்னன்னா, டியூஷன் ஃபீஸ் சுத்தமா கட்ட வேணாத எடத்துல வருஷத்துக்கு 66,000 சொச்சம் கட்ற மாதிரி ஆச்சு. அடுத்த வருஷம் புதுசா அப்ளை பண்றப்ப தடைக்காலத்த எல்லாம் எழுதி ஒரு பேப்பரா குடுத்தோம், 90,000ன்னு சரியா வந்துச்சு, அதுக்கப்புறம் டியூஷன் இல்ல. கவனிங்க, கொறச்சு பொய் சொல்லச் சொல்லல. அத பண்ற ஆளுங்க நெறைய இருக்காங்க, சொந்த வூடு ரெண்டு கடைனு வாடகைக்கு விட்டுட்டு 72,000க்கு சர்டிபிகேட் வச்சிருக்கறவங்கள நானே பாத்திருக்கேன், எரியும். உள்ளது உள்ளபடி, வேலை இல்லாத மாசத்தையும் சேத்து வருஷக் கணக்கா சொல்லுங்க. மாசக் கணக்கு கேட்டா நல்ல மாசத்த சொல்லிட்டு வந்துடுவோம், கூலி வேலை வூடுங்கள்ல அதான் நடக்குது.

சாதி சர்டிபிகேட்லயும் ஒரு குழி இருக்கு. நாங்க எம்பிசி. ஸ்கூல்ல குடுத்த அந்த பச்ச கார்டு ஐஐடிக்கு ஆவாது, சென்ட்ரல் கவர்மெண்ட் ஃபார்மேட்ல ஓபிசி நான் க்ரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டவங்கள்ல வசதியானவங்க இல்லன்னு காட்டற) சர்டிபிகேட் தனியா வாங்கணும், அதுவும் அந்த வருஷம் ஏப்ரல் 1க்கு அப்புறம் தேதி போட்டதா இருக்கணும். போன வருஷம் வாங்குனது செல்லாது. இது தெரியாம கவுன்சிலிங் நேரத்துல தாலுக்கா ஆபீஸ் வாசல்ல நிக்கற பசங்கள வருஷா வருஷம் பாக்கறேன்.

இப்ப அந்த சின்ன காசு. ஐஐடி, என்ஐடி சீட்ட பிரிச்சுக் குடுக்கற ஜோசா கவுன்சிலிங்ல சீட் வந்ததும் சீட் அக்செப்டன்ஸ் ஃபீஸ்னு ஒண்ணு கட்டணும், எனக்கு 35,000. அப்புறம் காலேஜ் ஃபீஸ்ல கழிச்சுக்குவாங்க, சரி, ஆனா இப்ப கட்டணும், மூணு நாலு நாள்தான் டைம், கட்டலன்னா சீட்டு போச்சு. தள்ளுபடி, கல்விக்கடன் எல்லாம் சேந்ததுக்கு அப்புறம் வர்றது. சேர்றதுக்கு முன்னாடி வர்ற இந்த காசுக்கு யாரும் இல்ல. அம்மா செயின சேட்டு கடைல வச்சு 22,000, போட்டு ஓனர் அட்வான்ஸ் 8,000, மிச்சம் அத்தை. காச அக்கவுண்ட்ல போட்டுட்டு நெட்ல கட்டப் போனா, புது கார்டு, ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு லிமிட் இருக்காம், போவல. ராத்திரி ஒம்போது மணி, பிரவுசிங் சென்டர்காரர் ஷட்டர பாதி எறக்கிட்டாரு, மறுநாள் கடைசி நாள். கணக்கு வாத்தியாருக்கு போன் போட்டேன், அவரு வண்ணாரப்பேட்டைலேந்து வண்டி எடுத்துனு வந்து அவரு கார்டுல கட்டினாரு, மறுநாள் காலைல அவருக்கு காசா குடுத்தோம்.

நான் பெருசு பண்றேன்னு நெனைக்காதீங்க. 2024ல உத்தரப் பிரதேசத்துல ஒரு தினக்கூலி வீட்டுப் பையனுக்கு ஐஐடி தன்பாத்ல சீட் கெடச்சு, 17,500 ரூபாய ஜூன் 24 சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்ட முடியாம சீட்டு போச்சு. அந்த வருஷம் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்ட் எக்ஸாம நடத்துனது ஐஐடி மெட்ராஸ்ங்கறதால அந்தப் பையன் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் வந்தான், அப்புறம் சுப்ரீம் கோர்ட் போய், செப்டம்பர் 30 அன்னிக்கு அரசியல் சட்டம் 142வது பிரிவ வச்சு சீட்டு குடுக்கச் சொன்னாங்க. நாலு வருஷ டியூஷன் எட்டு லட்சத்துக்காக இல்ல, 17,500க்காக. எல்லாருக்கும் சுப்ரீம் கோர்ட் கெடைக்காது. அதனால இப்பவே, ரிசல்ட்டுக்கு முன்னாடியே, ஒரு 40,000 எங்கேந்து பொரட்டறதுன்னு யோசிச்சு வைங்க, யார் கார்டுல கட்டப் போறீங்கன்னும் முடிவு பண்ணி வைங்க. ஏலச்சீட்டு ஏதாவது போட்டிருந்தா அத ஜூன்ல எடுக்கற மாதிரி பாருங்க. அப்புறம் ட்ரெயின், பெட்டி, மெஸ் அட்வான்ஸ், டெபாசிட், கூட வர்ற நைனாவுக்கு ரிட்டர்ன் டிக்கெட்டுன்னு இன்னொரு 25,000 ஆவும்.

நீங்க ஆறாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியா? அப்போ உங்க கத வேற, நல்ல கத. 2022 பட்ஜெட்லயே அரசுப் பள்ளி பசங்க ஐஐடி, ஐஐஎஸ்சி, எய்ம்ஸ் மாதிரி எடத்துல சேந்தா படிப்புச் செலவ தமிழ்நாடு அரசு ஏத்துக்கும்னு அறிவிச்சாங்க. நான் எய்டட் ஸ்கூல், ராயபுரத்துல, அதனால எனக்கு அது இல்லாம போச்சு. அண்ணா யுனிவர்சிட்டி, கிண்டின்னு போறதா இருந்தாலும் 7.5 சதவீத ஒதுக்கீட்டுல போனா டியூஷன், ஹாஸ்டல் ரெண்டும் அரசே கட்டிடும். ஹெட்மாஸ்டர்கிட்ட இப்பவே ஏழு வருஷத்துக்கும் அங்க படிச்சதுக்கான போனஃபைட் சர்டிபிகேட் கேளுங்க, நடுவுல ஸ்கூல் மாறியிருந்தா பழைய ஸ்கூல்லயும் வாங்கணும், மே மாசத்துல அங்க ஆள் இருக்க மாட்டாங்க.

கல்விக்கடன் பத்தி ரொம்ப பயப்பட வேணாம். 2024 நவம்பர்ல வந்த பிஎம் வித்யாலட்சுமில லிஸ்ட்ல இருக்கற காலேஜுக்கு ஜாமீனும் வேணாம் அடமானமும் வேணாம், வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா இந்த மாதிரி தொழில்நுட்பப் படிப்புக்கு படிக்கற காலத்து வட்டிய அரசே பாத்துக்கும். எங்க ஏரியா பேங்க் ஒண்ணுல மேனேஜர் "சொந்த வூடு பத்திரம் இருக்கா"ன்னு கேட்டு திருப்பி அனுப்புனாரு, காலேஜ் வாசல்ல இருக்கற பிராஞ்சுல ஒரே வாரத்துல முடிஞ்சுது. தெனம் அதே பேப்பர பாக்கறவங்ககிட்ட போங்க.

அமெரிக்கா கேட்டீங்க. நான் போகல, ஆனா தண்டையார்பேட்டைல ஒரு தங்கச்சிக்கு ஃபார்ம் எல்லாம் கூட உக்காந்து போட்டேன். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் இந்த மாதிரி சில எடத்துல வெளிநாட்டுப் பசங்களா இருந்தாலும் உங்களால கட்ட முடியுமான்னு பாக்காமதான் செலக்ட் பண்ணுவாங்க, எடுத்துட்டா கட்ட முடியாதத முழுசா அவங்களே குடுப்பாங்க. மத்த பெரும்பாலான எடத்துல உதவி கேட்டா செலக்ஷனே கஷ்டமாவும், அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடி அந்த யுனிவர்சிட்டி எந்த ரகம்னு பாத்துடுங்க. சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்னு ஒரு ஃபார்ம், வூட்டு வரவு செலவு மொத்தமும் கேக்கும், ரூபாயிலயே போடலாம். அதுக்கே 25 டாலர், ரெண்டாவது காலேஜ்லேந்து 16. கட்ட முடியலன்னா அந்த யுனிவர்சிட்டி எய்ட் ஆபீஸுக்கு மெயில் போட்டு கேளுங்க, வெக்கப்படாதீங்க, நாங்க கேட்ட மூணுல ரெண்டு பேரு கட்டணம் இல்லாம போட கோட் அனுப்புனாங்க. வேலை முழுக்க பன்னெண்டாவது படிக்கறப்ப ஜூன்லயே ஆரம்பிக்கணும், ஜனவரி ஆரம்பத்துல கதவு மூடிடும். அந்த தங்கச்சிக்கு எங்கயும் கெடைக்கல, ஹார்வர்ட்ல நூறு பேரு போட்டா சுமாரா நாலு பேரத்தான் எடுப்பாங்க. அவ இப்ப கிண்டில படிக்கறா, ஃபீஸ் கட்ட வேண்டியதா இல்ல. போட்டுப் பாருங்க, ஆனா ஜேஇஇய விட்டுட்டு போடாதீங்க.

செயின மூணாவது வருஷம் இன்டர்ன்ஷிப் காசுல மீட்டேன். வட்டி கட்டிக் கட்டியே செயின் வெலைல பாதி போயிருந்துச்சு, அம்மா அத பத்தி ஒண்ணும் சொல்லல, கழுத்துல போட்டுக்காம பீரோல வச்சுட்டாங்க.

நீங்க இப்ப பன்னெண்டாவதுன்னா இந்த வாரமே இ-சேவைக்கு போங்க. ஆர்ஐ கூப்புடறதுக்கு முந்தின ராத்திரி அப்பாவ சாப்புட வச்சுட்டு, பக்கத்துல உக்காந்து, எந்தெந்த மாசம் வேலை இல்லன்னு ரெண்டு பேரும் சேந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க. அங்க போனா அந்த பேப்பர நீங்க நீட்டுங்க, அப்பாவ சொல்ல விடாதீங்க.