கொடிக்கால் வேலை தெரிந்தவர் சிங்கப்பூர் நர்சரிக்கு வரும்போது

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். குளித்தலைப் பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். சிங்கப்பூரில் ஒரு லேண்ட்ஸ்கேப் கம்பெனியின் நர்சரி வேலைக்கு ஐபிஏ, அதாவது வேலை பர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம், வந்திருக்கிறது. "செடி வைக்கிறதும் மருந்தடிக்கிறதும் தெரிந்த வேலைதானே அண்ணே, அங்கே புதிதாக என்ன கற்றுக்கொள்ளணும்? அடிபட்டால் ஊருக்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பின்னால் வருகிறேன். முதல் கேள்விதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சிங்கப்பூரில் பண்ணைகள் இருக்கும் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் நான் பார்த்தவரை, அடிபட்டு வந்து நிற்கிறவர் பெரும்பாலும் வேலை தெரிந்தவர். புதிதாக வருகிறவர் ஒவ்வொன்றையும் கேட்டுச் செய்கிறார். ஊரில் செய்தவர் அந்த ஊர்ப் பழக்கத்தோடே மருந்து டேங்கைத் தூக்குகிறார்.

முதலில் ஐபிஏ கடிதத்தை எடுத்துப் பாருங்கள். தமிழிலும் கேட்டு வாங்கிப் படியுங்கள். முதலாளி பெயர், வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். பர்மிட்டில் எந்த முதலாளி, எந்த வேலை என்று இருக்கிறதோ அதைத்தான் செய்யலாம். அடுத்த பண்ணைக்கு "ரெண்டு நாள் போய் உதவு" என்று அனுப்பினால், அங்கே விபத்து நடக்கும்போது கேள்வி உங்கள் பக்கமும் திரும்பும்.

அடுத்தது வெயில். "குளித்தலையில் நாற்பது டிகிரி பார்த்தவனுக்குச் சிங்கப்பூர் வெயில் என்ன செய்யும்?" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கே வெப்பமானி நாற்பதைத் தொட்டதே இல்லை. ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நிழல்வலைக்குக் கீழே காற்றும் ஓடாது, தரையெல்லாம் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள், நிழலில் நின்றாலும் அவிந்துபோவீர்கள்.

இதற்காக மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதிகளை இறுக்கியது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் எண் இருக்கிறது, டபிள்யூபிஜிடி என்பார்கள். அது 32ஐத் தொட்டால், கடினமான உடல் வேலை செய்கிறவருக்கு மணிக்கு ஒருமுறை குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். 33ஐத் தொட்டால் 15 நிமிடம் தரச் சொல்கிறார்கள். வானிலைச் செய்தியில் சொல்லும் வெப்பநிலை வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். மைஇஎன்வி என்ற செயலியில் இந்த எண்ணைப் பார்க்கலாம், போனில் இறக்கி வையுங்கள். புதிதாக வந்தவருக்கு முதல் ஏழு நாள் வெயில் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்பதும் அந்த வழிகாட்டலில் இருக்கிறது. முதல் நாளே உங்கள் பலத்தைக் காட்ட நினைக்காதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு 300 மில்லியாவது தண்ணீர் குடியுங்கள். கூட வேலை பார்க்கிறவர் உளற ஆரம்பித்தால், நடை தள்ளாடினால், அது வெறும் மயக்கம் இல்லை. நிழலுக்கு இழுத்துப்போய் சட்டையைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸ் எண் 995க்கு அழையுங்கள்.

சரி, மருந்து விஷயத்துக்கு வருவோம். இங்கே பண்ணையில் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவருக்குச் சான்றிதழ் வேண்டும், மருந்தும் அரசிடம் பதிவானதாக இருக்க வேண்டும். ஆகவே முதல் வாரத்திலேயே யாராவது டேங்கை முதுகில் மாட்டச் சொன்னால், "எனக்குச் சான்றிதழ் இல்லை, பயிற்சிக்கு அனுப்புங்க பாஸ்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஊரில் பத்து வருடம் அடித்திருக்கலாம். ஊரில் எப்படி அடிப்போம் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும்: கைலியை மடித்துக் கட்டி, வாயில் துண்டைச் சுற்றி, கையாலேயே கலக்கி. நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுகிறவர்களும் உண்டு.

மருந்து மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும் என்று பலர் நம்புகிறார்கள். பல மருந்துகள் தோல் வழியாகவே நிறைய இறங்கும், அதுவும் வியர்த்த தோலில் வேகமாக இறங்கும். அதனால்தான் துணிக் கையுறையும் தோல் கையுறையும் ஆகாது. அவை மருந்தை உறிஞ்சிக் கையிலேயே வைத்திருக்கும், கை முழுக்க மருந்துப் பட்டி போட்ட மாதிரி. நைட்ரைல் என்ற ரப்பர் வகைக் கையுறை கேளுங்கள். கொரோனா நேரத்தில் போட்ட என்95 முகக்கவசம் தூசியையும் துளியையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவி வரும் மருந்துக்கு அதற்கென்று கேட்ரிட்ஜ் என்ற வடிகட்டி வைத்த முகக்கவசம்தான் வேண்டும். எந்த மருந்துக்கு எது என்பது பாதுகாப்புத் தகவல் தாளில் இருக்கும். எஸ்டிஎஸ் என்று கேட்டால் சூப்பர்வைசருக்குப் புரியும். ஆங்கிலம் வராவிட்டால் போனில் படம் எடுத்துத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஆபத்து அதிகம் அடிக்கும்போது இல்லை, கலக்கும்போது. டேங்கில் இருப்பது தண்ணீர் கலந்தது, உங்கள் கையில் இருப்பதோ கலக்காத அசல் மருந்து. கலக்கும் நேரத்தில் கண்ணாடியும் ஏப்ரனும் கண்டிப்பாக வேண்டும். காற்று வீசும் திசையைப் பார்த்து, அது உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அடித்த பகுதிக்குள் எத்தனை மணி நேரம் கழித்து நுழையலாம் என்று லேபிளில் போட்டிருக்கும். நேற்று மருந்தடித்த வரிசையில் இன்று கவாத்து செய்யச் சொன்னால், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். வேலைத்துணியை வீட்டுத்துணியோடு ஊற வைக்காதீர்கள்.

இன்னொன்று, இதை நான் கோபமாகவே சொல்கிறேன். மிச்ச மருந்தை 100 பிளஸ் குளிர்பான பாட்டிலிலும் மினரல் வாட்டர் பாட்டிலிலும் ஊற்றி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் ஒழியவில்லை. வெயிலில் வந்தவன் எந்த பாட்டில் என்று பார்த்தா குடிப்பான்? அப்படி ஒன்றைப் பார்த்தால் சூப்பர்வைசரிடம் காட்டி அகற்றச் சொல்லுங்கள். மருந்து ஏறியதற்கு அடையாளம் மருந்துக்கு மருந்து மாறும். கொட்டும் வியர்வை, எச்சில் வடிதல், கண்மணி சுருங்குதல், வாந்தி, தசை துடித்தல் என்று சேர்ந்து வந்தால் ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்து டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துப் போங்கள், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இயந்திரங்கள் பற்றி ஒன்றிரண்டு. புல் வெட்டும் மெஷினில் கல் தெறிக்கும், ஆகவே முகத்தடுப்பும் முழங்கால் காப்பும் இல்லாமல் ஓட்டாதீர்கள், 15 மீட்டருக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள். பனை வகைச் செடிகளில் வேலை என்றால், ஃபீனிக்ஸ் பனையின் அடிமுள் கண்ணில் ஏறும், கண்ணாடி போட்டுக்கொண்டே குனியுங்கள். உயரத்தில் மரம் கழிக்கிற வேலை நம் ஊர் மரமேறும் வேலை மாதிரி இல்லை. மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு எழுத்தில் அனுமதிச்சீட்டு வேண்டும், பயிற்சியும் வேண்டும். பாராங் கத்தியோடு ஏணியில் ஏறி நிற்கச் சொன்னால் இறங்கிவிடுங்கள்.

மின்னலுக்குத் தனியாகவே ஒரு பத்தி தரலாம். சிங்கப்பூரில் சராசரியாக வருடத்துக்கு 168 நாள் இடி இடிக்கிறது, உலகிலேயே மிக அதிகமான இடங்களில் இதுவும் ஒன்று. ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மிக மோசம். திறந்த வெளியில் இருந்தால் வேலையை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் அல்லது லாரியின் கேபினுக்குள் போய்விடுங்கள். மரத்தடியும் நிழல்வலைக் கொட்டகையும் பாதுகாப்பு இல்லை. இடி நின்ற பிறகும் உடனே ஓடி வர வேண்டாம்.

மண்ணும் தண்ணீரும் நம் ஆட்கள் அலட்சியமாக விடும் விஷயம். மழைக்காலத்தில் இந்த மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமி உண்டு. சின்னக் கீறல் வழியாகவோ, தெறிக்கும் சேறு வழியாகவோ நுழையும். சர்க்கரை நோய் உள்ளவரை அதிகம் தாக்கும். அதனால் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள், ரப்பர் பூட்ஸ் போடுங்கள், கீறலைக் கழுவி மூடுங்கள். சேற்றில் வேலை செய்த பின் விடாத காய்ச்சல் வந்தால், நர்சரி வேலை என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மண்கலவை மூட்டையைப் பிரிக்கும்போது முகத்தை அருகில் கொண்டுபோகாமல், கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிரியுங்கள்.

அப்புறம் டெங்கி. தொட்டித் தட்டு, அடுக்கி வைத்த காலி சட்டி, அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடிகளின் குருத்துப் பள்ளம், இதிலெல்லாம் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குள் வளர்ந்துவிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆட்கள் வந்து பார்த்து அபராதம் போடுவார்கள். அந்த அபராதம் முதலாளியைக் கடிக்கும், கொசு முதலில் உங்களைத்தான் கடிக்கும். பாம்பு பார்த்தால், குறிப்பாகப் படமெடுக்கும் கருநாகம் பார்த்தால், அடிக்கப் போகாதீர்கள். இங்குள்ள நாகம் விஷத்தைக் கண்ணில் பீய்ச்சக்கூடியது. தள்ளி நின்று சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். பூட்ஸை மாட்டுமுன் தலைகீழாகத் தட்டுவது நல்ல பழக்கம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அடிபட்டால் அனுப்பிவிடுவார்களா? அனுப்பவே மாட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன், பர்மிட்டை ரத்து செய்யும் முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் வேலையில் நடந்த காயத்துக்கான இழப்பீட்டு உரிமை பர்மிட் ரத்தானாலும் போகாது. தப்பு யார் பக்கம் என்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. கோரிக்கையை விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தர வேண்டும், அவ்வளவுதான். வெளிநோயாளியாக எம்சி, அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு, என்றால் 14 நாள் வரை, ஆஸ்பத்திரியில் சேர்ந்தது என்றால் 60 நாள் வரை முழுச் சராசரிச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்குச் சிகிச்சைச் செலவு 53,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அல்லது ஓராண்டு வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை முதலாளி பொறுப்பு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் இந்த இடத்தில்: விரல் வெட்டிக்கொண்டால் "சின்ன காயம்தானே, நான் பிளாஸ்டர் வாங்கித் தர்றேன், கிளினிக்குக்கு வேண்டாம்" என்பார் சிலர். எம்சி கொடுத்தால் ரிப்போர்ட் செய்ய வேண்டுமே என்பது அவர்கள் கணக்கு. 2020 செப்டம்பரிலிருந்து ஒரு நாள் எம்சியோ, லைட் டியூட்டி என்ற இலகுவான வேலையோ எதுவானாலும் வேலை விபத்து என்றால் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அடிபட்ட அன்றே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுவது. என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்று நாலு வரி, இடத்தின் படம். டாக்டரிடம் "வேலையில் நடந்தது" என்று வாய்திறந்து சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன்னு சொல்லு" என்று யாராவது கற்றுக்கொடுத்தால் கேட்காதீர்கள், அந்தப் பதிவுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் சாட்சி.

பாதுகாப்புக்குத் தரும் கையுறைக்கும் பூட்ஸுக்கும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது, அது சட்டம். பிடித்தால் சம்பளச் சீட்டின் படம் எடுத்து வையுங்கள். பேசிப் பார்த்தும் தீரவில்லை என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். சண்டை போடுகிற மனசோடு வர வேண்டாம். நிறைய முதலாளிகள் நல்லவர்கள், முறையாகக் கேட்டால் வாங்கித் தருவார்கள். கேட்காதவனுக்குத்தான் கிழிந்த கையுறை கிடைக்கும்.

புறப்படுமுன் டெட்டனஸ் ஊசி போட்டு அதற்கான சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா ஏதாவது இருந்தால் மறைக்காமல் மருந்துச்சீட்டோடு வாருங்கள். பூட்ஸ் அளவை ஏஜெண்ட் மூலம் முன்பே சொல்லிவிடுங்கள். பத்துக்கு மேல் என்றால் கடையில் கிடைக்க நாளாகும், அதுவரை பழைய ஆள் விட்டுப்போன சின்ன பூட்ஸைத்தான் நீட்டுவார்கள்.