கணக்கு வாத்தியார் பதில்கள்: 636601 பகா எண்ணா?

கேள்வி: எங்கள் ஊர் பின்கோடு 636601. இது பகா எண்ணா என்று ஏழாவது படிக்கும் என் மகள் கேட்கிறாள். 2, 3, 5 எதிலும் போகவில்லை. ஒவ்வொரு எண்ணாக வகுத்துக்கொண்டே போக வேண்டியதுதானா, சார்?
(வாசகி, ஏற்காடு)

பதில்: வேண்டாம்மா. எண்ணைப் பின்னாலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 636, 601. வித்தியாசம் 35. அது 7-இல் மீதியில்லாமல் போகிறது. அப்படியென்றால் 636601-உம் போகும். பகா எண் இல்லை.

இங்கே அம்மாப்பேட்டையில் என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்த விதி மனப்பாடம். ஏன் என்று கேட்டால் பதில் வராது. எனக்கு அதுதான் வருத்தம். காரணம் 1001 என்ற எண். அது 7 × 11 × 13. உங்கள் பின்கோடு 636 × 1001-லிருந்து 35 குறைவு. பெருக்கல் பகுதி எப்படியும் 7-இல் போய்விடும், ஆகவே 35-ஐ மட்டும் பார்த்தால் போதும். 11, 13 இரண்டுக்கும் இதே 35-தான் சோதனை, இரண்டிலும் போகாது. ஒரே கழித்தலில் மூன்று எண்களைப் பார்த்தாயிற்று!

அதோடு விட்டுவிடாதீர்கள். 7-ஆல் வகுத்தால் 90943. ஒரு எண் இரண்டாக உடைந்தால் சிறிய பாதி வர்க்கமூலத்தைத் தாண்டாது. 90943-இன் வர்க்கமூலம் 301-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் 62-தான். சிறியதிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் 199-இல் உடையும்: 199 × 457. அப்புறம் 457-ஐத் தனியாகச் சோதிக்க வேண்டாம். அதன் வர்க்கமூலம் 21 சொச்சம். அதற்குக் கீழே உள்ளவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ஆக, 636601 = 7 × 199 × 457. மகளைக் கையாலேயே வகுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் பெரிய எண் என்றால்? 2-ஐ 32 முறை பெருக்கி 1 கூட்டினால் 4294967297. இது பகா எண் என்றே பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஸ்விட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. வர்க்கமூலம் வரை பார்ப்பதென்றால் 6542 பகா எண்களைச் சோதிக்க வேண்டும். ஆனால் இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், 64-ஆல் வகுத்தால் மீதி 1 தருவதாகவே இருக்க வேண்டும் என்று ஆய்லரே பின்னாளில் நிரூபித்தார். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே விடை! எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தாலும் இந்த இடம் வரும்போது எனக்குச் சந்தோஷம் தாங்காது.

சரி, உங்கள் மகளுக்கு ஒரு வேலை. சேலத்தின் 636001-ஐ எடுத்துக்கொள்ளட்டும். வித்தியாசம் 635, ஆகவே 7, 11, 13 எதிலும் போகாது. 17-லிருந்து அவள் தொடங்கலாம்.