பயிற்சி முடிந்த பிறகு தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க: கொழும்பு ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

பல நாட்டு ஆசிரியர்கள் ஒன்றாகப் படித்த இணையவழிப் பயிற்சி ஒன்று முடியும் தறுவாயில், அதில் சேர்ந்திருந்த கொழும்பு ஆசிரியர்கள் கேட்ட கேள்விகள் இவை. உடன் படித்தவர்கள் நைரோபி, லண்டன், ரொறன்ரோ, கோலாலம்பூர், சென்னை எனப் பல இடங்களில் இருக்கிறார்கள்.

வெள்ளவத்தை, விஞ்ஞான ஆசிரியை: மிஸ், பயிற்சி முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. முதலில் எதைச் செய்வது?

குழு தொடங்குவது பிறகு. காணாமல் போகக்கூடியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். முடிவுத் திகதிக்குப் பின் பல பயிற்சித் தளங்கள் பூட்டப்பட்டுவிடும். நீங்கள் ஒப்படைத்த பாடத்திட்டமும் அதற்கு மற்றவர்கள் எழுதிய கருத்துகளும் பிறகு கிடைக்காது. உலாவியில் ‘அச்சிடு’ என்பதைத் தெரிவுசெய்து, பக்கம் பக்கமாகப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். மற்றவர் எழுதியதை எடுப்பதானால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பயிற்சிக் கையேடுகளில், அவற்றை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘வணிக நோக்கமற்றது’ என்றிருந்தால் காசுக்கு விற்கும் டியூஷன் குறிப்பில் அதைச் சேர்க்க முடியாது. ‘மாற்றம் செய்யக்கூடாது’ என்றிருந்தால் தமிழாக்கிப் பகிர்வதற்கும் அனுமதி வேண்டும். மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது முகவரிகள். ஒரு கூகுள் படிவம் போதும்: அழைக்கவேண்டிய பெயர், ஊர், வகுப்பும் பாடமும், மின்னஞ்சல், அடுத்த தவணையில் சேர்ந்து செய்ய விரும்பும் ஒரு விடயம். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், யாரை யாரோடு சேர்ப்பது என்பதை அதுதான் காட்டும். மின்னஞ்சல் சொந்தக் கணக்காக இருக்கட்டும். பாடசாலைக் கணக்கு இடமாற்றத்தோடு போய்விடும். விவரங்களைக் குழுவினரோடு பகிரச் சம்மதம் என்று குறிக்கும் ஒரு பெட்டியும் வையுங்கள். கடைசி நேரடி வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே படிவத்தைக் கொடுத்து, அங்கேயே நிரப்பச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை, ஆங்கில ஆசிரியர்: ஏற்கெனவே நூறு பேருக்கு மேல் உள்ள வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களைத் தவிர எதுவும் வருவதில்லை. என்ன கோளாறு?

ஆட்களில் கோளாறு இல்லை. அவ்வளவு பேர் முன்னால் “என் வகுப்பில் இந்தப் பாடம் சரிவரவில்லை” என்று எழுத யாருக்கும் தயக்கம் வரும். ஒருவர் கேட்டாலும் வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள்.

அந்தக் குழுவைக் கலைக்க வேண்டாம். அமைப்புகளில் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றி, அறிவித்தல் பலகையாக வைத்திருங்கள். வேலை நடக்கும் இடம் வேறாக இருக்கட்டும்: ஒரே வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாலைந்து பேர், குறைந்தது மூன்று நாடுகளிலிருந்து, ஒரே ஒரு வேலை, அதற்கொரு முடிவுத் திகதி. 1988 முதல் பல நாட்டு வகுப்பறைகளை இணைத்துவரும் ஐஏர்ன் வலையமைப்பின் கற்றல் வட்டங்களிலும் ஆறு முதல் எட்டு வகுப்புகளையே சேர்ப்பார்கள். தொடர்பைத் தக்கவைப்பது செயலி அல்ல, திகதி போட்ட ஒரு சிறிய வேலை. செயலியைத் தேர்ந்தெடுப்பதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை வேலையைத் தேர்ந்தெடுப்பதில் செலவழியுங்கள்.

தெஹிவளை, ஆரம்பப் பிரிவு ஆசிரியை: வாட்ஸ்அப் குழுவில் என் இலக்கம் எல்லாருக்கும் தெரிகிறது. அறிமுகமில்லாத இலக்கங்களிலிருந்து அழைப்பும் வருகிறது.

நியாயமான கவலை. டெலிகிராமில் தனியுரிமை அமைப்புக்குப் போய், இலக்கத்தை யாரும் பார்க்க முடியாதபடி வைத்துப் பயனர்பெயரால் மட்டும் இருக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் கூகுள் குரூப்ஸ் வழியான மின்னஞ்சல் பட்டியல் நல்லது. பழைய கடிதங்களைத் தேடியெடுக்கலாம், புதிதாகச் சேருபவரும் முன்பு நடந்ததைப் படிக்கலாம். வாட்ஸ்அப்பிலேயே இருப்பதானால், யார் உங்களைக் குழுக்களில் சேர்க்கலாம் என்பதை ‘என் தொடர்புகள்’ என மாற்றுங்கள். அறிமுகமற்ற அழைப்புகளை ஒலியடக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள்.

பம்பலப்பிட்டி, கணித ஆசிரியர்: எல்லா நாட்டுக்கும் பொருந்தும் நேரம் எது?

எல்லோருக்கும் பொருந்தும் நேரம் கிடையாது. பெரும்பாலானோருக்குத் தாங்கக்கூடிய நேரம் சனிக்கிழமை இரவு 7.30, கொழும்பு நேரப்படி. அப்போது சென்னையிலும் அதே 7.30, நைரோபியில் மாலை 5, லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 2, கோடையில் 3. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் காலை 9, கோடையில் 10. கோலாலம்பூரில் இரவு 10, கொஞ்சம் கஷ்டம்தான். சிட்னியில் நள்ளிரவு தாண்டிவிடும். அவுஸ்திரேலியாவில் ஆள் இருந்தால் மலேசியாவோடு சேர்த்து, கொழும்பு நேரம் ஞாயிறு காலை 9 மணிக்கு இன்னொரு சிறு குழு வையுங்கள். ஆனால் எங்களில் பலருக்கு அது அறநெறி வகுப்பு நேரம்.

நேரத்தை எப்போதும் கொழும்பு நேரத்தில் அறிவியுங்கள். எங்கள் கடிகாரம் மாறுவதில்லை. கென்யா, இந்தியா, மலேசியாவிலும் அப்படித்தான். லண்டன் மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாற்றும். ரொறன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் மாற்றும். இந்த இடைவெளி வாரங்களில்தான் ஆட்கள் ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வந்து, யாருமில்லை என்று திரும்பிப் போவார்கள். செய்தியில் நேரத்தை எழுதி மட்டும் விடாமல் கூகுள் காலண்டர் அழைப்பு அனுப்புங்கள். அவரவர் ஊர் நேரத்தை அது தானாகக் காட்டும்.

தவணைகளும் ஒத்துப்போகா. இங்கிலாந்திலும் கனடாவிலும் கல்வியாண்டு செப்டெம்பரில், தமிழ்நாட்டில் ஜூனில் தொடங்கும். ஏப்ரலில் நாங்கள் புத்தாண்டு விடுமுறையில் இருப்போம். ஆகவே முதல் கூட்டத்திலேயே ஒவ்வொருவரும் தங்கள் விடுமுறையையும் பரீட்சைக் காலத்தையும் ஒரே அட்டவணையில் குறித்துவிடுங்கள். போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) என்றால் என்னவென்று வெளிநாட்டவருக்கு அன்றே சொல்லிவிடுவது நல்லது.

மட்டக்குளி, தரம் 10 ஆசிரியை: கூடினால் என்ன செய்வது? முதல் நாள் அறிமுகத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அறிமுகத்தை முன்கூட்டியே எழுத்தில் முடித்துவிடுங்கள். கூட்டத்தில் ஒருவர் மட்டும் ஒரு பொருளைக் கொண்டுவரட்டும்: ஒரு பிள்ளையின் பெயர் நீக்கிய விடைத்தாள், ஒரு வினா, அல்லது ஒரு பாடத்தின் பத்து நிமிடத் திட்டம். 5 நிமிடம் அவர் விளக்குவார். 5 நிமிடம் மற்றவர்கள் விளக்கம் மட்டும் கேட்பார்கள், ஆலோசனை சொல்லக்கூடாது. அடுத்த 15 நிமிடம் மற்றவர்கள் பேச, கொண்டுவந்தவர் பேசாமல் குறிப்பெடுப்பார். 5 நிமிடத்தில் எதை மாற்றப்போகிறார் என்று அவர் சொல்வார். மிச்சத்தில் அடுத்த திகதியும் அடுத்தவர் பெயரும். அதை முடிவுசெய்யாமல் கூட்டத்தை முடிக்காதீர்கள். “பிறகு பேசுவோம்” என்று கலையும் குழு பெரும்பாலும் திரும்பக் கூடுவதில்லை.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய எனக்கு மிகப் பிடித்த வேலை நிழல் அளவை. மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டெம்பர் 22 அல்லது 23ஐ ஒட்டியும் சூரியன் பூமத்தியரேகைக்கு நேர் மேலே நிற்கும். அன்று நண்பகலில் 1 மீற்றர் தடியின் நிழல் கொழும்பில் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். சென்னையில் 23, நைரோபியில் 2 மட்டுமே, ரொறன்ரோவில் 95, லண்டனில் 126. எங்கள் நிழல் வடக்கே விழ, நைரோபி நிழல் தெற்கே விழும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லாதீர்கள். தரம் 10, 11 பிள்ளைகள் நிழலைத் தடியின் உயரத்தால் வகுத்து, தான்சன் (tan) விகிதத்திலிருந்து கோணத்தைக் கண்டால் அது அந்த ஊரின் அகலாங்கு. சிறிய வகுப்புகளுக்கு அளவிடை வரைபடத்தில் பாகைமானி வைத்து அளக்கலாம்.

பிழை வரக்கூடிய இடங்கள் இவை. தடி நேராக நிற்காமல் 2 பாகை சாய்ந்தாலே கொழும்பின் நிழல் 3, 4 சென்ரிமீற்றர் மாறிவிடும். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். சரிவான தரை கூடாது. கடிகாரத்தில் 12 மணி சூரியனின் உச்சி நேரம் அல்ல: மார்ச்சில் கொழும்பில் அது 12.18 அளவில் வரும், செப்டெம்பரில் 12.03 அளவில். 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல்நுனியைக் குறித்து, மிகக் குட்டையானதை எடுங்கள். தடியின் உயரம் ஊருக்கு ஊர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, விகிதத்தைப் பகிர்ந்தால் போதும். முகில் மூடினால் முன்பின் இரண்டு நாளில் அளக்கலாம், பிழை அரைப் பாகையிலிருந்து ஒரு பாகைக்குள் இருக்கும். சூரியனை நேரே பார்க்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வத்தளை, வரலாற்று ஆசிரியர்: சூம் 40 நிமிடத்தில் அறுகிறது. டேட்டாவும் கரைகிறது.

இலவசக் கணக்கில் சூம் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூவரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். மேலே சொன்ன ஒழுங்கு 40க்குள் அடங்கும். டேட்டாவுக்கு ஒரு கணக்கு: நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 450 எம்பி. காணொளி அந்த அளவை எளிதாகத் தொடும், அனுப்புவதும் பெறுவதும் தனித்தனி. ஒலி மட்டும் நொடிக்கு 80 கிலோபிட் என்றால் மணிக்கு 36 எம்பி. முதல் இரண்டு நிமிடம் முகம் காட்டிவிட்டு எல்லோரும் கமராவை நிறுத்துங்கள். படங்களைத் திரையில் பகிராமல் முந்திய நாளே அனுப்புங்கள்.

கொள்ளுப்பிட்டி, தமிழ் ஆசிரியை: நான் அனுப்பிய வினாத்தாள் சென்னை ஆசிரியருக்குக் குறியீடுகளாகத் தெரிந்ததாம்.

நீங்கள் பாமினியில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைக்கும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே தெரியும். வாசிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். திருத்திப் பயன்படுத்த வேண்டுமென்றால் இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்குங்கள். மாற்றியபின் ஆங்கிலச் சொற்கள், எண்கள், கணிதக் குறிகள் உள்ள வரிகளைக் கட்டாயம் பாருங்கள். மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும்.

கோப்புகளைப் பொதுவான கூகுள் ட்ரைவ் கோப்புறையில் வையுங்கள். இலவச இடம் 15 ஜிபி, ஜிமெயிலும் படங்களும் அதையே பங்குபோடும். இருவருக்குத் திருத்தும் உரிமை, மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை. தவணைக்கு ஒருமுறை முழுக் கோப்புறையையும் தரவிறக்கி வேறிடத்தில் வையுங்கள்.

மருதானை, ஆரம்பப் பிரிவு ஆசிரியர்: பிள்ளைகளின் படங்களை அனுப்பலாமா?

முகமும் முழுப் பெயரும் பாடசாலைச் சின்னமும் ஒன்றாகத் தெரியும் படம் வேண்டாம். கைகள், வரைந்த தாள், நிலத்தில் விழுந்த நிழல் போதும். முகம் தேவையென்றால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வாங்குங்கள். எந்த நாட்டு ஆசிரியர்களோடு, எதற்காக, எவ்வளவு காலம் என்று அதில் இருக்கவேண்டும். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதிபரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே பிள்ளைகளைச் சேருங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் நேரே இலக்கம் பரிமாற விடாதீர்கள், எல்லாம் ஆசிரியர் வழியாகவே போகட்டும்.

தெமட்டகொடை, சமூகக்கல்வி ஆசிரியை: எனக்கு ஆங்கிலம் பேச வராது மிஸ். எழுதினால் சமாளிப்பேன்.

அப்படியானால் எழுத்தில் முன்னால் நில்லுங்கள். சொல்லவேண்டியதைக் கூட்டத்துக்கு முன்பே ஐந்தாறு குறுகிய வரிகளில் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் தானியங்கு வரியோட்டத்தைப் போட்டால் மற்றவர் பேசுவது எழுத்தாக வரும். கூகுள் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால், தமிழில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை என்று உடைத்து எழுதி, ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கிச் சரிபாருங்கள். தரம், தவணை, வலயம் போன்ற சொற்களில்தான் அது பெரும்பாலும் தவறும். குழுவில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல, மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்டால் அவர்களும் ஆறுதலடைவார்கள்.

மொரட்டுவை, கணித ஆசிரியர்: வெளிநாட்டு மாநாட்டுக்கு அழைப்பு, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று குழுவில் ஒருவர் எழுதுகிறார்.

பணம் அனுப்பாதீர்கள். மாநாட்டின் பெயரை நீங்களே தேடி, நடத்தும் நிறுவனத்தின் தளத்திலுள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். அழைப்பில் உள்ள இணைப்பைத் தொடவேண்டாம். கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுக்காதீர்கள். குழுவில் பணம் பற்றிய பேச்சே கூடாது என்று முதல் நாளே விதி வைத்தால், விலக்குவதும் எளிது.

கிருலப்பனை, சித்திர ஆசிரியை: ஐந்து பேராகத் தொடங்கி இருவரே மிஞ்சினால்?

தொடருங்கள். தொடக்கத்திலேயே மூன்று கூட்டங்கள் என்று வரையறுத்தால், மூன்றாவதன் முடிவில் விலக விரும்புபவர் மனக்கசப்பின்றி விலகலாம். மிஞ்சிய இருவரும் தங்கள் வகுப்புகளை நேரடியாக இணைக்கலாம், புதிய ஒருவரை அறிவித்தல் குழுவிலிருந்து அழைக்கலாம். இருவர் மட்டுமே பேசினால் கூகுள் மீட்டின் 60 நிமிட வரம்பும் உங்களுக்கு இல்லை.